தாராவும் தடாகமும்

பாலொடு கலந்த நீரை விலக்கிப் பாலை மட்டும் பருகும் ஆற்றல் அன்னத்துக்கு உண்டு என்பது தமிழர் நெடுங்காலமாகப் போற்றிவரும் மரபு. நல்லதையும் அல்லதையும் வேறுபிரித்தறியும் அறிவுக்கு அஃது ஓர் உருவகம் என ஆன்றோர் விளக்குவர். அன்னத்தின் இனத்தைச் சார்ந்த தாராவிடத்தே இத்தகைய செயலொன்று மெய்யாகவே காணப்படுகின்றது. தாராவின் அலகின் ஓரங்களிற் சீப்பின் பற்களையொத்த மெல்லிய தகடுகள் வரிசையாக அமைந்துள்ளன. சேற்றுநீரை வாய்கொள்ள எடுத்து, நாவினால் அழுத்தி, நீரை அத்தகடுகளின் இடையே வெளியேற்றிவிட்டு, உள்ளே தங்கும் விதை, புழு, நத்தைக்குஞ்சு முதலியவற்றை அது விழுங்குகின்றது. தான் வேண்டியதைத் தாரா பிரித்தெடுத்துக்கொள்கின்றது. ஆனால் அதன்பின் அந்நீரின் நிலை யாது என்பதை அதனை வளர்ப்போர் பெரும்பாலும் வினவுவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போல வீட்டுக்கு வீடு கிணற்றுநீரையே நம்பி வாழும் நிலத்தில் இவ்வினா மிக இன்றியமையாதது. வளவிலே தாரா வளர்ப்பது பறவை வளர்ப்பு மட்டுமன்று. நீரைக் காத்தலும் அதன் பாதியாகும்.

வளவுகளிற் காணப்படும் தாராக்கள் பலவேறு நிறமும் வடிவும் உடையனவாயினும் அவற்றின் மூலம் இரண்டே. மசுக்கோவி என வழங்கும் இனம் நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வாழும் காட்டுத்தாராவிலிருந்து தோன்றியது. முகத்திற் சிவந்த தோற்கரணைகள் உடைமையும், குரலெழுப்பாது சீறுதலும் அதன் அடையாளங்கள். ஏனைய வீட்டுத்தாராக்கள் யாவும் வடபாற் கண்டங்களில் வாழும் பச்சைத்தலைக் காட்டுத்தாராவின் வழிவந்தவை. இவ்விரு மூலங்களும் கலந்து குஞ்சு பொரித்தாலும் அக்குஞ்சுகள் கோவேறு கழுதைபோல மலடாகவே வளரும்.

பச்சைத்தலையின் வழிவந்தவற்றுள் இரண்டினம் முட்டைக்குப் பெயர்பெற்றவை. ஒன்று, கீழைத்தீவுகளிலிருந்து உலகெங்கும் பரவிய இரண்ணர்த் தாரா. 1856 இல் உலொம்பொக் தீவை அடைந்த இயற்கை ஆராய்ச்சியாளர் அல்பிரட்டு இரசல் உவாலசு, அங்குள்ள தாராக்கள் பென்குயின் பறவைபோல நிமிர்ந்து நடந்தமையை வியந்து, 1869 இல் வெளிவந்த தம் நூலிற் குறித்துள்ளார். மற்றையது, இங்கிலாந்தின் குளொசுற்றர்சயர் பகுதியிற் கம்பெல் என்னும் அம்மையார் இரண்ணர்த் தாராவைப் பிறவினங்களோடு கலந்து 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய கம்பெல் இனம். நன்கு பேணப்படும் காக்கிக் கம்பெல் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 300 முட்டைகள் இடவல்லது. வாத்தினும் பெரியதாய், நீண்ட கழுத்தும் உரத்த குரலும் உடைய பெருவாத்து தாராவினும் வேறானது. அது பெரிதும் புல்லை மேய்ந்து வாழ்வது. அயலார் காலடி கேட்ட அளவிற் குரலெழுப்பி வீட்டைக் காப்பது.

முட்டை மிகுதியாக இடும் இனங்கள் அடைகிடத்தலிற் பெரும்பாலும் நாட்டமற்றவை. ஆதலின் தாராமுட்டையைக் கோழிக்கு அடைவைத்தல் ஊர்வழக்கம். கோழிமுட்டை 21 நாளிற் பொரிக்கும். தாராமுட்டைக்கு 28 நாளும், மசுக்கோவியின் முட்டைக்கு ஏறக்குறைய 35 நாளும் வேண்டும். பொறுமையுள்ள கோழி அத்தனை நாளும் கிடந்து குஞ்சுகளை வெளிக்கொணரும். பின்னர் அக்குஞ்சுகள் தொட்டியில் இறங்கி நீந்த, வளர்ப்புத்தாய் கரையில் நின்று கதறுவது பலரும் கண்டு நகைத்த காட்சியே. பொரித்த உடனே கண்டதைத் தாயெனப் பின்பற்றும் இவ்வியல்பைப் பெருவாத்துக் குஞ்சுகளிடத்தே ஆராய்ந்து விளக்கியவர் ஒசுத்திரிய அறிஞர் கொன்றாட்டு உலோறன்சு. அவருக்கு 1973 இல் நோபெற் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஆயினும் அந்நகைப்பினூடே ஓர் இடர் மறைந்துள்ளது. வளர்ந்த தாரா தன் வாலடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தொட்டு இறகெங்கும் நீவிக்கொள்வதனாலும், இறகின் நுண்ணிய பின்னலினாலுமே நீரில் நனையாதிருக்கின்றது. தாய்த்தாராவின் அணைப்பில் வளரும் குஞ்சுக்கு அவளுடைய இறகின் எண்ணெய் படிகின்றது. கோழியின் சிறகடியில் வளரும் குஞ்சுக்கு அப்பேறு இல்லை. அது நீரில் நெடுநேரம் கிடந்தால் நனைந்து, குளிரால் விறைத்து இறக்கும். ஆகவே முதற் சில வாரங்களில் ஆழமில்லாத தட்டில் வைக்கும் குடிநீரே அதற்குப் போதுமானது.

இனி, வளர்ந்த தாராவுக்குத்தான் எவ்வளவு நீர் வேண்டும்? பெருங்குளம் இன்றேல் தாரா வளராது என்பது தவறான எண்ணம். தலை முழுவதும் அமிழத்தக்க ஆழமுள்ள பாத்திர நீர் அதற்கு இன்றியமையாதது. கண்ணையும் மூக்குத்துளையையும் அது நீரினாலேயே தூய்மைசெய்கின்றது. அவ்வசதி இல்லாதவிடத்துக் கண்நோய் தோன்றும். நீந்துதல் அதற்கு இன்பமும் இறகுக்கு நலமும் தருவதே. எனினும் அதற்குச் சிறு தொட்டியே அமையும். ஒரு தொட்டியின் சிறப்பு அதன் பரப்பில் இல்லை. நீரை எளிதில் மாற்றக்கூடியதாக இருத்தலில் உள்ளது.

இதன் காரணம் தெளிவானது. தாரா தான் உண்ணும் நீரிலேயே கழிக்கும் பறவை. அக்கழிவில் நைதரசனும் பொசுபரசும் மிகுதி. இவை நீரிற் சேரச்சேர அல்காக்கள் செழித்து நீர் பச்சைநிறம் அடையும். பகலில் அல்காக்கள் ஒட்சிசனை வெளிவிடுகின்றன. இரவிலோ அவையும், கழிவைச் சிதைக்கும் பற்றீரியாக்களும் அதே ஒட்சிசனை உட்கொள்கின்றன. ஆதலின் விடியற்காலையிலே நீரில் ஒட்சிசன் மிகக் குறைந்து, மீன்கள் மேற்பரப்பில் வாய்திறந்து தத்தளிப்பதைக் காணலாம். இத்தகைய நீரில் எலியோ மீனோ செத்து அழுகினால், ஒட்சிசன் அற்ற அவ்வுடலில் ஒருவகைப் பற்றீரியா கொடிய நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சேறிய புழுக்களை உண்ட தாரா கழுத்து நிமிர்த்த இயலாது சோர்ந்து மடியும். எனவே செத்தவற்றை உடனே அகற்றுதல் வேண்டும்.

கேடு தொட்டியுடன் முடிவதில்லை. குடாநாட்டின் நிலத்தடியிற் கிடப்பது வெடிப்பும் துளையும் மலிந்த சுண்ணாம்புக்கல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கு இல்லை. மாரிமழை மண்ணினூடே இறங்கி அக்கல்லிடையே தேங்கி, உவர்நீரின்மீது நன்னீராக மிதந்து நிற்கின்றது. நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராகவும் அடிநீர் உவராகவும் இருப்பது இதற்குச் சான்று. மேலே ஊற்றியது எதுவும் விரைவில் கீழே சென்றடையும் நிலம் இது. தாராவின் கழிவிலுள்ள நைதரசன் அமோனியாவாகி, பின் பற்றீரியாக்களால் நைத்திரேற்றாக மாறும். நைத்திரேற்று நீரிற் கரைந்து தடையின்றிக் கிணற்றைச் சேரும். பயிர்ப்பசளையாலும் மலக்குழிகளாலும் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று ஏலவே மிகுந்துள்ளது. குடிநீரில் அஃது இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அது மிகுந்த நீரிற் கரைத்த பாலைப் பருகும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்க, குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். காய்ச்சினாலும் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுவதனால் அதன் செறிவு கூடவே செய்யும்.

இதனைத் தவிர்க்கும் வழி அரியதன்று. கிணற்றடியில் தாராத்தொட்டி அமைத்தல் ஆகாது. கிணற்றுக்கு இயன்ற தொலைவில், நிலம் சரியும் பக்கத்தில் அமைத்தலே முறை. அடியும் பக்கமும் சீமெந்தினாற் கசிவின்றிப் பூசப்பட்டு, அடியில் ஒரு வடிகுழாய் இருத்தல் வேண்டும். நாள்தோறும் வெளியேற்றும் நீரை ஒரேயிடத்தில் தேங்கவிடாது, வாய்க்கால்வழி வாழைக்கும் தென்னைக்கும் மாறிமாறிப் பாய்ச்சினால், கிணற்றுக்கு நஞ்சாக வேண்டியது பயிருக்கு உணவாகும். எத்தனை வாழைக்கு அந்நீர் அளவாகப் பாயுமோ அத்தனை தாராக்களே அவ்வளவுக்குப் பொருந்தும்.

உணவிலும் விழிப்பு வேண்டும். தாராக்குஞ்சுக்குக் கோழிக்குஞ்சினும் மிகுதியான நயாசின் என்னும் விற்றமின் தேவை; அது குறைந்தாற் கால்கள் வளையும். தவிட்டில் அச்சத்து நிறைந்துள்ளது. பூஞ்சணம் பிடித்த கடலைப்பிண்ணாக்கை எக்காரணத்தாலும் கொடுத்தலாகாது. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகளும், அவற்றோடு தாராக்குஞ்சுகளும் காரணம் விளங்காது மடிந்தன. அவை உண்ட கடலைப்பிண்ணாக்கில் வளர்ந்த பங்கசின் நஞ்சே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. அபிளாதொட்சின் எனப் பெயர்பெற்ற அந்நஞ்சினால் மிக விரைவிற் பாதிக்கப்படும் உயிர்களுள் தாராக்குஞ்சும் ஒன்று.

இரவிலே மரநாய், நரி, தெருநாய் முதலியவற்றிலிருந்து காக்க, கிடுகு வேய்ந்து கம்பிவலை அடித்த கொட்டில் வேண்டும். தாரா பெரும்பாலும் பின்னிரவிலும் விடியலிலுமே முட்டையிடும். காலை ஒன்பது மணிவரை அடைத்து வைத்தால் முட்டை கொட்டிலிலேயே கிடைக்கும். இன்றேல் வேலியோரத்திலும் தொட்டியடியிலும் தேட நேரும். ஐந்தாறு பெட்டைக்கு ஓர் ஆண் போதும்.

மாரிகாலத்தில் வடபுலத்திலிருந்து ஊசிவால் தாரா முதலிய காட்டு நீர்ப்பறவைகள் குடாநாட்டுக் கடனீரேரிகளுக்கு வருகின்றன. 1938 இற் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளம் அவற்றின் புகலிடங்களுள் ஒன்று. அவற்றைப் பிடித்து வளவில் அடைத்தல் தகாது. அவை வந்திறங்கும் நீரில் வீட்டுத்தாராக்களை மேயவிடுதலும் நன்றன்று. 1996 இற் சீனத்தின் குவாங்டொங் மாகாணத்துப் பெருவாத்தொன்றிற் கண்டறியப்பட்ட பறவைக்காய்ச்சல் வைரசு, அடுத்த ஆண்டே ஒங்கொங்கில் 18 பேரைத் தாக்கி அறுவரின் உயிரைக் குடித்தது. நோயின் குறி எதுவுமின்றியே தாரா அத்தகைய வைரசைச் சுமந்து திரியவும் கூடும்.

தாரா தரும் பயன் சிறிதன்று. முட்டையும் எருவும் தந்து, நத்தையையும் பூச்சியையும் ஒழித்து, வளவுக்கு உயிர்ப்பையும் அது ஊட்டுகின்றது. அப்பயன் முழுவதும் நீரின்வழியே வருவது. அதனால் விளையும் கேடும் நீரின்வழியே வருவது. வேண்டியதைக் கொண்டு அல்லதை நீக்குதல் தாராவின் அலகுக்கு இயல்பு. அவ்வாறு நீங்கியது அண்டை வீட்டுக் குழந்தை பருகும் நீரிற் சேராது காத்தல் மனிதனின் அறிவுக்கு உரிய கடன்.