வெளுத்துப்போன வானம் திரும்ப வருமா? போட்டோ எடிட்டிங்கில் எதை மீட்கலாம், எதை மீட்க முடியாது?

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில், காலைச் சூரியனை நோக்கி போனைத் திருப்புகிறீர்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். வானம் வெள்ளைத் தாளாகிவிடும்; இல்லையென்றால் படகும் அதில் நிற்பவரின் முகமும் கறுத்துவிடும். "பரவாயில்ல, எடிட்டிங்ல பாத்துக்கலாம்" என்று கிளம்பிவிடுகிறோம். கறுத்த முகத்தை ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். வெளுத்த வானத்தை முடியாது.

ஏன் இந்த வித்தியாசம்?

கேமரா சென்சாரில் கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு. மழையில் வரிசையாக வைத்த குடங்களாக அவற்றை நினைத்துக்கொள்ளுங்கள். நிரம்பி வழிந்த குடத்தில் எவ்வளவு வழிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மேகமும் சூரியனைச் சுற்றிய மஞ்சளும் அப்படித்தான் தொலைகின்றன. அடியில் கொஞ்சமே தண்ணீர் உள்ள குடத்தில் அந்தக் கொஞ்சமாவது இருக்கிறது. அதனால் இருண்ட முகத்தை வெளிச்சமாக்கலாம். கூடவே 'நாய்ஸ்' எனும் புள்ளி புள்ளியான இரைச்சலும் வரும், அவ்வளவுதான்.

ரா ஃபைல் எதற்கு?

சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 12 பிட் ரா ஃபைலில் 4,096. 14 பிட்டில் 16,384. படிகள் அதிகம் என்பதால் இழுத்தாலும் நிறம் பட்டை பட்டையாக உடையாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்று மட்டும் வழிந்திருந்தால், மற்ற இரண்டை வைத்து மென்பொருள் ஊகித்து நிரப்பும். மூன்றும் வழிந்திருந்தால் ராவாலும் பயனில்லை.

எடுக்கும்போது என்ன செய்யணும்?

திரையில் வானத்தைத் தொடுங்கள். சூரியக் குறி வந்ததும் கீழே இழுத்து, மேகம் தெரியும் வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். படம் இருட்டாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பிக்சல் போன்களின் எச்டிஆர் பிளஸ் செய்வதும் ஏறக்குறைய இதுதான்: வெளிச்சம் குறைத்து அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, பிறகு இருட்டைத் தூக்கும். யோசனை பழசுதான். 1850களிலேயே பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார்.

எடிட்டிங்கில் எந்த வரிசை?

லைட்ரூம், ஸ்னாப்சீட் எதுவானாலும் முதலில் 'ஹைலைட்ஸ்' குறையுங்கள்; பிறகு 'ஷேடோஸ்' கூட்டுங்கள். இரண்டையும் கடைசி வரை இழுத்தால் படம் தட்டையாகி, படகைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரியும். முகம் அடையாளம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். கடைசியாக 'பிளாக்ஸ்' கொஞ்சம் குறைத்தால் படத்துக்கு அழுத்தம் திரும்பும். வாட்ஸ்அப்பில் வந்த நகலை எடிட் செய்யாதீர்கள். சுருக்கியதில் பாதி விவரம் ஏற்கெனவே போயிருக்கும். ஒரிஜினலை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

எப்போதும் வானத்தைக் காப்பாற்றணுமா?

இல்லை. பக்கத்தில் உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டில், வேர்களுக்கு நடுவே படகில் போகும்போது இலை இடைவெளியில் தெரியும் துண்டு வானம் வெளுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அங்கே படகில் இருக்கும் அம்மாவின் முகம்தான் முக்கியம். முகத்தைத் தொட்டு எடுங்கள். இருட்டை வீட்டுக்கு வந்தும் சரிசெய்யலாம். வெளுத்ததைச் சரிசெய்ய, ஷட்டரை அழுத்துவதற்கு முந்தைய அந்த ஒரு நொடிதான் இருக்கிறது.