இரவு இடி மேற்கிலிருந்து வருகிறது

ஜூன் முதல் செப்டம்பர் வரை நாட்றம்பள்ளிக்குப் பலத்த இடிமழை வருவது பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான். பிற்பகல் வெயிலில் குப்பம், கிருஷ்ணகிரி மேட்டுநிலத்தில் திரளும் மேகங்கள் சில நாட்களில் ஒரே வரிசையாகச் சேர்ந்து, மேல்காற்று தள்ளத் தள்ளக் கிழக்கே நகரும். தோல் ஷாப்பில் வேலை முடித்து வந்தவர்கள் அயர்ந்து தூங்கும் நேரம் அது. அதனால் படுக்குமுன் வானிலை எச்சரிக்கையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக அடுத்த 3 மணி நேரத்துக்கு எச்சரிக்கை தருகிறது. திருப்பத்தூர் பெயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் இணையதளத்திலேயே ராடார் படமும் உண்டு. அரை மணி இடைவெளியில் இரண்டு படம் பார்த்தால் வரிசை எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். அரை மணியில் 15 கி.மீ. வந்து, இன்னும் 60 கி.மீ. இருந்தால், இரண்டு மணி நேரத்தில் நம் தலைக்கு மேல். படத்தில் யுடிசி என்றிருந்தால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். சென்னை ராடார் நமக்கு ஏறத்தாழ 200 கி.மீ. தள்ளி இருப்பதால், இங்கே அதன் கதிர் தரையிலிருந்து மூன்று, நான்கு கி.மீ. உயரத்தில்தான் போகிறது, அதற்குக் கீழே நடப்பது அதன் கண்ணில் படாது. திருப்பத்தூர் பக்கத்தில் ஒரு ராடார் கேட்பது பேராசை அல்ல. இப்போதைக்கு, சுற்றிலும் 20, 40 கி.மீ.க்குள் விழும் மின்னலைக் காட்டும் 'தாமினி' செயலியையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிகூட இல்லையென்றால் உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி வெளியே வரக் கூடாது. மாட்டைப் புளியமரத்தடியிலோ கம்பி வேலியிலோ கட்டாதீர்கள். ஊறிய சுவர் இன்னும் மோசம்: 2021 நவம்பர் 19 அதிகாலை, அடைமழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள், அதில் 4 பேர் குழந்தைகள். விரிசல் விட்ட மண்சுவர் ஓரம் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள், ஆபத்தென்றால் 1077. அறுந்த மின்கம்பியை யாரும் நெருங்க விடாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்கள்: 94987 94987.

பேரிடர் நிவாரண விதிப்படி உயிரிழப்புக்கு 4 லட்சம், கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 ரூபாய் உண்டு. பலர் அதை இழப்பது அவசரத்தால். பிரேதப் பரிசோதனை இல்லாமல் அடக்கம் செய்யாதீர்கள். மாடு செத்தால், கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தரும்வரை புதைக்காதீர்கள். போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் அன்றே சொல்லி, தாசில்தாருக்கு மனுக் கொடுங்கள். இழுத்தடித்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.