பறிக்கப்படுவது யாருடைய செல்பேசி?

பள்ளி மாணவர்களிடமிருந்து ஸ்மார்ட்போனை விலக்கி வைக்க வேண்டும் என்ற குரல் இன்று பல திசைகளிலிருந்தும் எழுகிறது. 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அதுபோன்ற சட்டத்தை ஒன்றிய அரசு பரிசீலிக்கலாம் என்று கருத்துரைத்தது. தமிழ்நாட்டிலோ 2022-ஆம் ஆண்டிலேயே, பள்ளிக்குக் கொண்டுவரும் செல்பேசி பறிமுதல் செய்யப்படும், திருப்பித் தரப்படாது என்று பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் அறிவித்திருந்தார்.

நமக்கு மிக நெருக்கமான பரிந்துரை இவை எதிலும் இல்லை, நீதியரசர் கே. சந்துரு குழுவின் அறிக்கையில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதன் பின் அமைக்கப்பட்ட அந்த ஒருநபர் குழு 2024 ஜூன் 18 அன்று அறிக்கையளித்தது. பள்ளி வளாகத்தில் எந்த வகுப்பு மாணவரும் செல்பேசி பயன்படுத்தக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

சாதி வன்முறை குறித்த அறிக்கையில் செல்பேசிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், நம் ஊர்களில் ஒரு மாணவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தால் போதும். மணிக்கட்டில் கட்டிய வண்ணக் கயிறு சொன்னதையே இன்று ரீல்ஸ் சொல்கிறது. சாதித் தலைவரின் பிறந்தநாள், அரிவாளைத் தூக்கிப் பிடித்த படம், பின்னணியில் ஒரு பெருமிதப் பாட்டு. கயிற்றை ஆசிரியர் பார்த்து அறுக்க முடியும். மூடிய குழுவில் சுற்றும் காணொலியை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே கட்டுப்பாடே வேண்டாம் என்பது நம் நிலைப்பாடு அன்று. பெரும்பான்மைச் சாதி மாணவர்கள் கூடிநின்று ஒரு தலித் மாணவரைப் படமெடுத்துக் கேலி செய்யும் கருவியாக அது மாறும் வகுப்பறையில், அக்கருவி இல்லாதிருப்பதே நல்லது.

ஆனால் அதே அறிக்கை வேறு பலவற்றையும் கேட்டது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்க வேண்டும். ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராகவோ கல்வி அதிகாரியாகவோ அமர்த்தக் கூடாது. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலரை நியமிக்க வேண்டும். சமூகநீதி மாணவர் படை அமைக்க வேண்டும். இவற்றுக்குப் பணம் வேண்டும், பணியிடம் வேண்டும், ஆதிக்க சாதி வாக்குகளைச் சற்றே மறக்கும் துணிவும் வேண்டும். செல்பேசித் தடைக்கு ஒரு சுற்றறிக்கை போதும். எளிதானதை எடுத்துக்கொண்டு கடினமானதைக் கிடப்பில் போடுவது எந்த அரசுக்கும் இயல்பு என்பதால்தான், இந்தத் தடையைத் தனியே பார்க்க நாம் மறுக்கிறோம்.

திட்டக்குடியை எடுத்துக்கொள்வோம். அது தனித் தொகுதி. 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்கள்தொகையில் 29 விழுக்காட்டுக்கு மேல் பட்டியல் சாதியினர். வெள்ளாற்றங்கரைச் சேரிகளிலிருந்து விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களுக்கோ, கட்டட வேலைக்கோ, கரும்பு வெட்டுக்கோ போகிற ஒரு குடும்பத்தில் ஸ்மார்ட்போன் ஒன்று இருந்தால் அது குடும்பத்துக்கே பொது. பத்தாயிரம் ரூபாய்ச் செல்பேசி என்பது, நூறு நாள் வேலையின் 2025-26 கூலியான 336 ரூபாய்க் கணக்கில், ஏறத்தாழ 30 நாள் உழைப்பு. பையனின் பையிலிருந்து அதைப் பறித்து, "திருப்பித் தரமாட்டோம்" என்றால் பறிபோவது அவனுடைய விளையாட்டுப் பொருள் அன்று. கூலி வரும் வங்கிக் கணக்கின் ஓடிபி, ரேஷன் கடைக் குறுஞ்செய்தி, மேஸ்திரியின் அழைப்பு எல்லாமே அதில்தான் வருகின்றன. மாடிவீட்டுப் பிள்ளைக்கு மறுநாளே இன்னொரு கருவி கிடைக்கும். ஒரே தண்டனை இரு வீடுகளில் ஒரே எடையில் விழுவதில்லை.

இதில் ஒரு முரணும் உண்டு. 2018 முதல் நம் பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சிடப்படுகிறது. 2023 ஜூலையில் பள்ளிக்கல்வித் துறையே 'மணற்கேணி' செயலியைக் கொண்டுவந்து பாடங்களைக் காணொலிகளாக்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, செல்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் கல்வியிலிருந்தே வெளியேற்றப்பட்டதை நாம் கண்டோம். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குள் நுழைந்தால் யூமிஸ் தளம். கல்வி உதவித்தொகைக்கான ஆதார் சரிபார்ப்பும் செல்பேசி வழியாகவே. கருவியைக் கையாளத் தெரியாத முதல் தலைமுறை மாணவர், உதவித்தொகைப் படிவத்தில் ஒரு கட்டத்தைத் தவறவிட்டு ஓராண்டுப் பணத்தை இழக்கிறார். இதை வாசிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

மறுபக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. ஊரகப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட அசர் 2024 ஆய்வின்படி, 14 முதல் 16 வயதினரில் ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் 82 விழுக்காட்டினர். அதற்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைப் பயன்படுத்தியோர் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியோர் 76 விழுக்காடு. ஆசிரியர்களின் கவலை கற்பனை அன்று. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் 36 விழுக்காட்டினரிடம் சொந்தச் செல்பேசி உள்ளது, பெண்களில் 27 விழுக்காட்டினரிடமே உள்ளது.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் நமக்கு அச்சமே மேலோங்குகிறது. 2019-இல் குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில் தாக்கூர் சமூகத்தார் 12 கிராமங்களுக்குக் கட்டுப்பாடு விதித்து, மணமாகாத பெண்கள் செல்பேசி வைத்திருக்கத் தடைபோட்டனர். அதே கூட்டத்தில் சாதி மறுப்புத் திருமணத்துக்கு எதிராகவும் பேசப்பட்டது. இரண்டும் ஒரே கவலையின் இரு வடிவங்கள். நம் பகுதிக்கு இது அந்நியமன்று. விருத்தாசலத்துக்கு அருகே புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் முருகேசனும் கண்ணகியும் கொல்லப்பட்டபோது இளைஞர் கைகளில் ஸ்மார்ட்போன் கிடையாது. பெண் யாரோடு பேசுகிறாள் என்ற காவல் அப்போதே இருந்தது. இன்று ஒரு மாணவியின் செல்பேசியைப் பறிக்கும் ஆசிரியர், அதைத் திறந்து குறுஞ்செய்திகளைப் படித்து, பெயரைப் பார்த்துச் சாதியைக் கணித்து வீட்டுக்குத் தகவல் சொன்னால் என்ன நடக்கும்? பறிமுதல் விதி எதுவாயினும், உள்ளடக்கத்தைப் பார்க்க ஆசிரியருக்கு உரிமை இல்லை என்ற வரி அதில் முதலில் எழுதப்பட வேண்டும்.

செல்பேசி சாட்சியாகவும் இருந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாட்டைச் சொல்லித் தலித் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த கடைக்காரர், தாமே அதைப் படமெடுத்துப் பரப்பிக் கைதானார். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டம் செங்குட்டைப்பாளையத்தில், மாதவிடாயைக் காரணம் காட்டித் தலித் மாணவி ஒருவர் வகுப்பறைக்கு வெளியே அமர்த்தித் தேர்வெழுத வைக்கப்பட்டது, தாய் தம் செல்பேசியில் பதிவு செய்ததால் வெளியே வந்தது. இரண்டுமே பெரியவர்களின் செல்பேசிகள்தாம். ஒவ்வொரு பிள்ளையும் கேமராவோடு வகுப்பில் உட்கார வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பதிவு செய்யும் கருவியை வெளியே நிறுத்தும்போது, உள்ளே நடப்பதைக் கேட்க ஒரு காது வேண்டும். சந்துரு அறிக்கை கேட்ட நல அலுவலர் அந்தக் காதுதான். இரண்டு பரிந்துரைகளில் ஒன்றை மட்டும் நிறைவேற்றினால், தலித் மாணவரின் கையிலிருந்த சாட்சியும் போய், அவர் சொல்வதைக் கேட்க ஆளும் இல்லாமல் போகும்.

ஆஸ்திரேலியச் சட்டத்தை மேற்கோள் காட்டுவோர் சொல்ல மறப்பது ஒன்றுண்டு. அங்கே தண்டனை பிள்ளைக்கும் இல்லை, பெற்றோருக்கும் இல்லை. விதியை மீறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். அந்தச் சட்டம் பலிக்குமா என்பது வேறு விவாதம். இங்கோ இன்ஸ்டாகிராமில் ஓடும் சாதி வெறிக் காணொலியை நீக்காத நிறுவனத்தை யாரும் கேட்பதில்லை. அதைப் பார்த்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை மாட்டிக்கொள்கிறான். 2025 பிப்ரவரி இறுதியில் தில்லி உயர்நீதிமன்றம், பள்ளியில் முழுத் தடை விரும்பத்தக்கதும் அன்று, நடைமுறைக்கு ஏற்றதும் அன்று என்று கூறியது. காலையில் ஒப்படைத்து மாலையில் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு, வகுப்பறையில் தடை, பெற்றோருடன் தொடர்புகொள்ள இடம் என்று அது வகுத்த நெறிகள் நம் பள்ளிகளுக்கும் பொருந்தும். கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில், கல்லூரி விடுதி மாணவி ஒருவரின் வழக்கில், இணைய அணுகல் கல்வி உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்ததும் நினைவில் இருக்கட்டும்.

அரசாணைக்குக் காத்திராமல் செய்யக்கூடியதும் உண்டு. 2024-இல் மறுகட்டமைப்பு செய்யப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் 24 உறுப்பினர்கள். முன்னாள் மாணவர்களுக்கும் இடமுண்டு. திட்டக்குடி வட்டத்திலிருந்து கல்லூரிக்குப் போன நம் தோழர்கள் அந்த இடங்களில் அமர வேண்டும். வாங்கிய செல்பேசிக்குப் பள்ளி ரசீது தருகிறதா, அன்று மாலையே பெற்றோரிடம் திருப்பித் தருகிறதா, யார் யாருடைய செல்பேசிகள் எத்தனை முறை பறிக்கப்பட்டன என்ற பதிவேடு உண்டா, 14417, 1098 ஆகிய உதவி எண்களுக்கு மாணவர் தனியே பேசப் பள்ளியில் ஒரு தொலைபேசி இருக்கிறதா என்று அடுத்த கூட்டத்திலேயே கேட்கலாம். கேட்டதையும் கிடைத்த பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.