ஷட்டரை இறக்கும் கை

சிங்கப்பூரின் கேலாங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தங்கைக்கு மார்பகப் புற்றுநோய், அறுவை முடிந்துவிட்டது. மரபணு மேல் இருக்கும் 'குறி'களைப் பார்த்தே நோய் பரவுமா என்று சொல்லிவிடலாம் எனக் கைப்பேசியில் ஒரு செய்தி வந்ததாம். உண்மையா என்று கேட்கிறார்.

பாதி உண்மை. அந்தப் பாதி அழகானது.

மார்பகச் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைப்பது ஈ-கேட்ஹெரின் என்ற புரதம். புற்றுச் செல் இடம்பெயர வேண்டுமானால் அந்தப் பிடி தளர வேண்டும். சில வகைப் புற்றில் அதற்கான மரபணுவே சிதைந்துபோகிறது. பலவற்றில் அது மூடப்படுகிறது, அவ்வளவுதான். டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தின் 27ஆம் இடத்து லைசினில் மூன்று மெத்தில் குறிகள் ஏறினால் அந்த இடம் இறுகிவிடும், மரபணு பேசாது. மெத்திலை ஏற்றும் நொதியின் பெயர் இஇசட்எச்-2.

காலை பத்து மணிக்கு கேலாங் சாலையில் நடந்து பாருங்கள். சில டுரியான் கடைகளில் ஷட்டர் இறங்கியிருக்கும். கடையை யாரும் இடித்துவிடவில்லை. சாயங்காலம் திறப்பார்கள், முள்ளுப்பழ வாசம் தெருமுனை வரை வரும். புற்றுச் செல்லும் இப்படிச் செய்வதுண்டு. புறப்படும்போது ஈ-கேட்ஹெரினை மூடுகிறது. வேறோர் உறுப்பில் குடியேறியதும் மறுபடி திறந்து, அங்கே கூட்டமாகச் செழிக்கிறது. அறுவையில் எடுத்த துண்டில் தெரிவது காலை பத்து மணிக் கேலாங். அதை வைத்து இரவு பதினொரு மணியைக் கணிக்கச் சொல்கிறோம்.

வரலாறு சுருக்கமாக: இத்தகைய குறிகளை ஆராயும் துறைக்கு இன்று வழங்கும் 'எபிஜெனெடிக்ஸ்' என்ற சொல்லை 1942இல் தந்தவர் உயிரியலாளர் வாடிங்டன். 2003இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் செலினா கிளீர், அருள் சின்னையன் குழுவினர் 280 நோயாளிகளின் திசுக்களை ஆராய்ந்து, இஇசட்எச்-2 மிகுந்த கட்டிகள் மூர்க்கமானவை என்று காட்டினார்கள்.

நம் ஊர்க் கதைதான் எனக்குப் பிடித்தது. பயோபொலிஸில் இருக்கும் ஜீனோம் இன்ஸ்டிடியூட் ஆஃப் சிங்கப்பூரில் சியாங் யூ குழு, 2007இல் ஒரு வேதிப்பொருளால் இந்த நொதியைக் குறைத்தது. மூடிய மரபணுக்கள் திறந்தன. மார்பகப் புற்றுச் செல்கள் மடிந்தன. 2011இல் அதே குழு கண்டது இன்னும் வியப்பு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள செல்களில் அழற்சி சார்ந்த சில மரபணுக்களை இஇசட்எச்-2 மூடுகிறது. ஏற்பி இல்லாத முரட்டு வகையில் அப்படிப்பட்ட மரபணுக்களை அதுவே தூண்டிவிடுகிறது, அதுவும் மெத்தில் வேலை எதுவும் செய்யாமல்! கேலாங் சாலையின் ஒரு பக்கம் ஒற்றைப்படை எண் லோரோங் சந்துகள், எதிர்ப்பக்கம் இரட்டைப்படை. ஒரு பக்கம் ஷட்டரை இறக்கும் ஆள், சாலையைக் கடந்ததும் ஷட்டரைத் தூக்குகிறான்.

ஆகவே இஇசட்எச்-2 புரதத்தின் அளவை ஒற்றை எண்ணாகத் தந்து "பரவும், பரவாது" என்று சொல்லும் செய்தியை நான் நம்பமாட்டேன். எந்த வகைச் செல்லில் அளந்தார்கள் என்று முதலில் கேட்பேன். இஇசட்எச்-2ஐத் தடுக்கும் டாசிமெடோஸ்டாட் மருந்துக்கு அமெரிக்கா 2020இல் அனுமதி தந்தது உண்மைதான். ஆனால் அது அரிய வகை மென்திசுப் புற்றுக்கும் ஒருவகை நிணநீர்ப் புற்றுக்கும், மார்பகத்துக்கு அல்ல.

தங்கையின் அறிக்கையை எடுத்துப் பாருங்கள் அம்மா. கட்டியின் அளவு, தரம், அக்குள் கணுக்கள், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, ஹெர்-2 என்று வரிசையாக இருக்கும். ஏற்பி பற்றிய வரியைக் காட்டி, அவருடைய சிகிச்சையில் அது எதை மாற்றுகிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். கூடப்பிறந்தவளுக்கு வந்திருப்பதால், உங்கள் மேமோகிராம் எப்போது என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.