சூப்பாகாத தோல்

ஆட்டுக்கால் சூப் ஒழுங்காக வைக்கத் தெரிந்தவருக்குத் தோல் வேலையில் பாதி தெரியும். மிச்சப் பாதி ஊசி, நூல், பொறுமை.

காலைச் சுட்டுச் சுரண்டி, மிளகும் மல்லியும் போட்டு, மெல்லிய நெருப்பில் இரண்டு மூன்று மணித்தியாலம் அவியவிடுங்கள். முதலில் தோல் சுருங்கி எலும்பின் மேல் ஏறும். பிறகு இளகும். கடைசியில் பாதித் தோலைக் காணவே கிடைக்காது. சூப்பைக் குடித்து முடித்ததும் உதட்டோடு உதடு ஒட்டுகிறதே, காணாமற்போனது அங்கேதான் இருக்கிறது. தோலிலும் சவ்விலும் இருந்த கொலாஜன் என்ற புரதம் வெந்து ஜெலற்றின் ஆகிவிட்டது. தச்சர்கள் முந்தி மரம் ஒட்டக் காய்ச்சிய வச்சிரமும் இதேதான். மாட்டுத்தோலில் வைத்த சூப், உப்புப் புளி இல்லை, அவ்வளவே.

வயலுக்குப் போகிறவரின் காட்டுக்கத்திக்கு ஒரு உறை, பனை ஏறுகிறவரின் பாளைக்கத்திக்கு ஒரு உறை, மின்வேலை செய்கிறவரின் குறட்டுக்கு ஒரு இடுப்புறை. மன்னார்ப் பக்கத்து முருங்கனில் பொழுதுபோக்காகத் தோல் தைக்க உட்காருபவர் இவற்றில் ஒன்றில்தான் தொடங்குவார். வெளிநாட்டில் இந்தக் கலையைப் பழகுகிறவர்களுக்குக் கைத்துப்பாக்கி உறைதான் பெரிய ஆசை. இங்கே இடுப்பில் துவக்கோடு நடந்தவர்களைச் சனம் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்துவிட்டது. நமக்குக் குறடு போதும். செய்முறை இரண்டுக்கும் ஒன்றே.

இந்த உறைகளும் அதே கொலாஜன்தான். ஆனால் பானையில் போட்டு ஆட்டுக்கால் மாதிரி அவித்தாலும் சூப் ஆகாது. ஏன் ஆகாது என்பது விளங்கினால், எந்தத் துண்டை எடுப்பது, எப்போது நனைப்பது, எங்கே உலர்த்துவது எல்லாம் மனப்பாடம் செய்யாமலே வந்துவிடும்.

கொலாஜனின் உள்ளமைப்பைக் கண்டது நமக்குப் பக்கத்தில்தான். 1954, 55இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும் அமைப்பு அது என்று காட்டினார்கள். 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் அதே நகரத்தில்தான். ஆய்வுக்குக் கொலாஜன் மாதிரி அங்கே கிடைத்தது. பச்சைத்தோலை ஈரத்தோடு சூடாக்கினால் 60, 65 பாகை செல்சியசில் அந்த முறுக்கு அவிழத் தொடங்கும். தோல் எலும்பில் ஏறுகிற கட்டம் அது. அதற்கு மேலும் சூடு கொடுத்துக்கொண்டே இருந்தால் சங்கிலிகள் பிரிந்து தண்ணீரோடு போய்விடும்.

பதனிடுவது என்பது அந்த முறுக்கு அவிழாமல் இடையிடையே பிணைப்புப் போடுவது. பழைய முறையில் பிணைப்பது தனின் என்கிற துவர்ப்பு. சாயம் கூடிய வெறும் தேத்தண்ணி குடித்தால் நாக்குத் தடித்த மாதிரி இழுக்கும். எச்சிலில் உள்ள புரதத்தைத் தனின் பிடிப்பதால் வருகிற இழுப்பு. தோல் தொட்டியில் நடப்பதும் அதுவே, வாரக்கணக்காக. முருங்கனைச் சுற்றி வறண்ட தரையெல்லாம் மஞ்சளாகப் பூத்து நிற்கிற ஆவரசு வெறும் பூச்செடி இல்லை. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டை என்று தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டது இதன் பட்டையில்தான். கடுக்காயும் வேலம்பட்டையும் அதற்குக் கூட்டு. இப்படிப் பதனிட்ட பட்டைத்தோல் 75, 80 பாகை வரை சுருங்காமல் நிற்கும்.

மற்ற முறை குரோமிய உப்பு. 1884இல் அமெரிக்காவில் ஒகஸ்ரஸ் ஷூல்ட்ஸ் காப்புரிமை எடுத்தது. 1903இல் அல்பிரட் சற்றர்ரன் சென்னையில் செய்து பார்க்கத் தொடங்கியது. வாரக்கணக்கு வேலை நாட்கணக்குக்கு வந்தது. இந்தத் தோல் கொதிதண்ணீரையும் பெரும்பாலும் தாங்கும். கைப்பை, செற்றி, இன்றைய சப்பாத்தின் மேற்பாகம் எல்லாம் அநேகமாகக் குரோமியத் தோல்தான்.

எது உயர்த்தி? கேள்வி அதுவல்ல, எதற்கு என்பதுதான். குரோமியத் தோல் நனைந்தாலும் சூடானாலும் தன் பாட்டில் மெத்தென்று கிடக்கும். அதனால்தான் அது கத்தி உறைக்கு உதவாது. உறைக்கு வேண்டியது நனைத்தால் இளகி, சொன்ன உருவத்தை எடுத்து, காய்ந்ததும் அப்படியே விறைத்து நிற்கிற பட்டைத்தோல். இந்த வித்தையை வீட்டில் எல்லாரும் பார்த்திருக்கிறோம், கவனித்ததில்லை. மின்சாரம் இல்லாத காலத்துப் பெற்றோமக்ஸையும் பிறைமஸ் அடுப்பையும் நினைத்துப் பாருங்கள். பம்பின் தண்டைக் கழற்றினால் நுனியில் சின்னக் கிண்ணம் போல ஒரு தோல் வாஷர் இருக்கும். காற்று ஏறாவிட்டால் அதற்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுவோம். அது கிண்ணமாகப் பிறந்ததல்ல. தட்டையான வட்டத் தோலை நனைத்து அச்சில் அமுக்கிக் காயவைத்தது. எத்தனை வருடம் அடித்தாலும் கிண்ணம் கிண்ணமாகவே இருந்தது.

பதனிடும் வேலையை வீட்டில் தொடங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சுண்ணாம்பும் நாற்றமும் அயலவரோடு சண்டையும்தான் மிஞ்சும். பதனிட்ட பழந்தோலைத் தேடுங்கள். நான் முதலிடம் கொடுப்பது பழைய ராலி சைக்கிளின் தோல் இருக்கைக்கு. வடக்கில் எத்தனையோ வீட்டுக் கோடிப்புறத்தில் துருப்பிடித்துக் கிடக்கும். கம்பி உக்கியிருக்கும், தோல் தடிப்பாகக் கிடைக்கும். விளிம்பில் வெடிப்பு இருந்தால் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம். ஒரு சின்னக் கத்தி உறைக்கு அது போதும். அடுத்தது அகலமான பழைய இடுப்புப்பட்டி, தோல் அடிப்பாகம் வைத்த பழைய சப்பாத்து, அந்தக் காலத்துப் பள்ளிக்கூடப் பை. செருப்புத் தைப்பவரிடம் கழிவுத் துண்டு கேட்டால் கிடைக்கும். காசு கொடுத்தே வாங்குங்கள். இந்தத் தொழிலைச் செய்தவர்களைத் தள்ளி உட்காரவைத்த சமூகம் இது. இன்றைக்கு நாம் பொழுதுபோக்கு என்று பெயர் வைத்துக்கொண்டு போய் ஓசியில் துண்டும் ஓசியில் பாடமும் கேட்பது நல்லாயில்லை. தடிப்பைப் பொறுத்தவரை, காட்டுக்கத்திக்கு மூன்று மில்லிமீற்றருக்குக் குறையாமல் பாருங்கள். செற்றித் தோல் ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும்.

கிடைத்த துண்டு எந்த வகை? வெட்டு விளிம்பைப் பாருங்கள். நடுவில் நீலம் கலந்த சாம்பல் என்றால் குரோமியம். பூச்சில்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பட்டைத்தோல் குடித்துக் கறுக்கும். இன்னும் சந்தேகம் என்றால் விரலளவு நறுக்கி, அடுப்பில் கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள். பட்டைத்தோல் கண்முன்னே சுருண்டு குறுகிக் கட்டையாகும். சூப்புப் பானையின் முதற்கட்டம் மட்டும் நடந்து, கரையாமல் அதோடு நிற்கிறது. குரோமியத் துண்டு பெரிதாக அசையாது. சிலர் எரித்துப் பார்க்கச் சொல்வார்கள். வேண்டாம். குரோமியத் தோலின் புகையும் சாம்பலும் உடம்புக்குக் கூடாது.

வெட்டுவதற்கு முன் காட்போட்டில் உருப்போடுங்கள். கத்தியை மட்டையில் வைத்துச் சுற்றி வரைந்து, தையலுக்கு ஒரு விரற்கடை விட்டு, வெட்டி மடித்து உள்ளே விட்டுப் பாருங்கள். அலகின் முதுகுப்பக்கம் மடிப்பு, வாய்ப்பக்கம் தையல். அந்த வாய்ப்பக்கத்தில் இரண்டு தோலுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைத்துண்டு கட்டாயம் வைக்க வேண்டும். பாளைக்கத்தியின் கூர் எப்படிப்பட்டது என்பது சீவல் செய்கிறவருக்குத் தெரியும். இடைத்துண்டு இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை உருவும்போதும் அந்தக் கூர் நூலை வருடிக்கொண்டு போகும். ஒரு நாள் உறையின் வயிறு திறந்து தொடையில் இறங்கும். இடைத்துண்டு இருந்தால் கூர் தோலில்தான் முட்டும். இடுப்புப்பட்டி நுழைகிற வளையத்தைத் தட்டையாக இருக்கும்போதே தைத்துவிடுங்கள். உறை மூடிய பிறகு உள்ளே கை போகாது.

துளைகளின் இடைவெளிக்கு வாங்கும் கருவி ஒன்றும் வேண்டாம், முள்ளுக்கரண்டி போதும். விளிம்பிலிருந்து ஐந்து மில்லிமீற்றர் உள்ளே ஒரு கோடு போட்டு, அதன் மேல் கரண்டியை வைத்து அமுக்குங்கள். கடைசி அடையாளத்தில் முதல் முள்ளை வைத்து அடுத்த அமுக்கு. கோடு கோணாது, இடைவெளி பிசகாது. பிறகு ஒவ்வொரு அடையாளத்திலும் குத்தூசி. நூலுக்கு மன்னாரில் பஞ்சமில்லை. வலை பின்னுகிற நைலோன் முறுக்கு நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு தரம் இழுத்தால் ஆயிற்று. தையலின் நீளத்துக்கு நான்கு மடங்கு நூல், இரண்டு நுனியிலும் ஒவ்வொரு ஊசி. முதல் துளையில் நூலின் நடுவை நிறுத்தி, பிறகு ஒவ்வொரு துளையிலும் இடது ஊசி வலத்துக்கும் வலது ஊசி இடத்துக்குமாகப் போய், இரண்டு கையையும் விரித்து இழுக்க வேண்டும். தையல் மெசினில் இரண்டு நூல் நடுவில் கொளுவிக்கொள்வதால் ஒன்று அறுந்தால் வரிசையே தளரும். கைத்தையலில் ஒரு பக்கம் தேய்ந்து அறுந்தாலும் மற்ற இழை எல்லாத் துளையிலும் ஓடிக்கொண்டிருக்கும். காட்டில் தேய்படுகிற பொருளுக்கு இதைவிட நல்ல தையல் கிடையாது.

இனி நனைப்பது. பிளாஸ்ரிக் பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர், கை வைத்தால் சுகமாக இருக்கிற அளவு. இரும்புச் சட்டி கூடாது. வாழைக்காய் நறுக்கிய இரும்புக் கத்தி கறுக்கிறதல்லவா? துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த கறுப்பு அது, தோலிலும் அப்படியே விழும். வேண்டுமென்றே கறுப்பாக்க நினைத்தால் இதையே சாயமாக்கலாம். துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் சில நாள் ஊறவிட்டுப் பூசினால் தோல் கண்ணெதிரே கறுத்துப்போகும். மேலே பூசிய நிறம் உரியும், இது தோலுக்குள்ளேயே நடந்த மாற்றம், உரியாது.

குமிழி வருவது நின்றதும் உறையை எடுத்து, ஒரு இரவு பொலித்தீனில் சுற்றி வையுங்கள். ஈரம் எல்லா இடமும் சமமாக ஊறும். இழைகளுக்கு இடையில் தண்ணீர் புகுந்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். பிணைப்பு இருப்பதால் கரையாது. கத்திக்கு எண்ணெய் பூசி, பொலித்தீன் தாளால் இறுக்கிச் சுற்றி உள்ளே விடுங்கள். கட்டைவிரலாலும் தேக்கரண்டியின் பின்புறத்தாலும் அலகின் ஓரம், பிடி தொடங்குகிற தோள் எல்லாவற்றையும் அமுக்கி அமுக்கி வரம்பு எடுங்கள். குறட்டு உறையானால் இந்தத் தோளில்தான் முழுக் கவனமும் வேண்டும். குறட்டின் கண் புடைத்திருக்கிற இடத்துக்குக் கீழே தோலை நன்றாக உள்வாங்க அமுக்கினால், கொக்கியும் பொத்தானும் இல்லாமலே பிடித்துக்கொள்ளும். குனிந்தாலும் விழாது, இழுத்தால் ஒரு சின்னச் சத்தத்தோடு வரும். துவக்கு உறை செய்கிறவர்களும் இந்தப் பிடியைத்தான் தேடுகிறார்கள்.

அவசரக்காரர் கோட்டை விடுவது உலர்த்துவதில். முருங்கன் வெயிலில் தகரத்தின் மேல் வைத்தால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும் என்று தோன்றும். ஈரத்தோலுக்குச் சூடுதான் எதிரி. உலர்ந்த தோல் தாங்குகிற சூட்டை ஈரத்தோல் தாங்காது. பட்டைத்தோலின் பிணைப்புக்கும் ஒரு எல்லை உண்டு என்பதைக் கொதிதண்ணீரில் போட்ட துண்டு காட்டியதல்லவா? மதியத் தகரம் அந்த எல்லைவரை போகாவிட்டாலும், மேற்புறம் முந்திக் காய்ந்து இறுக, உட்புறம் ஈரமாய் இருந்து, உறை முறுகி வெடிக்கும். நிழலில், காற்றுப் படுகிற இடத்தில் தொங்கவிடுங்கள். சோளகம் அடிக்கிற மாதங்களில் ஒரு நாளில் காய்ந்துவிடும். வாடைக்கால மழையில் மூன்று நாளும் எடுக்கும், பூஞ்சணமும் பிடிக்கும். அப்போது விசிறிக்கு முன்னால் வைப்பதே நல்லது. பாதி காய்ந்ததும் கத்தியை உருவிவிடுங்கள்.

காய்ந்த பிறகு தேன்மெழுகையும் தேங்காயெண்ணெயையும் உருக்கிக் கலந்து மெல்லிசாகத் தேய்த்தால் போதும். எண்ணெய் அதிகம் போனால் தண்ணீர் செய்த அதே வேலையை அது நிரந்தரமாகச் செய்யும்: இழைகள் வழுக்கும், விறைப்புப் போகும். பிறைமஸ் வாஷருக்கு அந்த மென்மை வேண்டும், உறைக்கு வேண்டாம்.

கத்தியை உறைக்குள்ளே விட்டு வைத்துப் பழகாதீர்கள். பட்டைத்தோலில் மெல்லிய அமிலம் உண்டு, காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். கடற்கரைப் பக்கம், வங்காலை, பேசாலை போன்ற இடங்களில் அந்த ஈரத்தோடு உப்பும் சேரும். சில கிழமையில் அலகில் துருப்புள்ளி, உறையில் பித்தளை ஆணி இருந்தால் அதைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. வேலை முடிந்ததும் கத்தி ஒரு ஆணியில், உறை இன்னொரு ஆணியில். ஆண்டுக்கணக்கில் பாவித்து உறையின் வாய் தளர்ந்துவிட்டால் எறிய வேண்டாம். மெழுகைத் துடைத்து, திரும்ப நனைத்து, அதே கத்தியைப் பொலித்தீனில் சுற்றி விட்டு அமுக்கிக் காயவையுங்கள், மறுபடி இறுகும். நூல் தேய்ந்திருந்தால் பழைய துளைகளிலேயே புது நூல் ஓடும். புதுத் துளை குத்தினால் விளிம்பு கிழியும்.