உதவி பெறுவோர் உறுப்பினராகும்போது: ரைஃபைசனின் அனுபவமும் நம் கிராமங்களும்

கிராம முன்னேற்றத்தைப் பற்றிப் பேசும்போது "மக்கள் பங்கேற்பு" என்னும் சொல்லை நாம் தாராளமாகக் கையாளுகிறோம். கூட்டத்திற்கு வந்து அமர்வதும், கிணறு வெட்ட வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்புவதும் அச்சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றிலோ இதற்கு இன்னும் கண்டிப்பான பொருள் உண்டு. இழப்பு நேரிட்டால் அதைத் தாங்கும் பொறுப்பை ஏற்பவரே பங்கேற்பவர். இப்பொருள் எவ்வாறு பிறந்தது என்பதை அறிய, ஜெர்மனியின் வெஸ்டர்வால்டு என்னும் வளங்குன்றிய மேட்டுநிலப் பகுதிக்குச் செல்ல வேண்டும்.

ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் (1818-1888) ஆயரும் அல்லர், பொருளியல் அறிஞரும் அல்லர். கண்நோயினால் படைத்துறைப் பணியை விட்டு, 1845இல் வையர்புஷ் என்னும் ஊர்த்தொகுதிக்கு மேயராக வந்த புரொட்டஸ்டண்டு பக்தர். 1846-47ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அங்குப் பஞ்சம் வந்தது. அரசு மாவு அனுப்பியது; ஆனால் ரொக்கத்திற்கு மட்டுமே விற்க வேண்டும் என்று ஆணையிட்டது. ரொக்கம் இருந்திருந்தால் பஞ்சம் ஏது? ரைஃபைசன் ஆணையை மீறி மாவைக் கடனாகவே வழங்கினார். பின்னர் வசதி படைத்தோரிடம் பணம் திரட்டி, பொது அடுப்பு ஒன்று கட்டி, குறைந்த விலையில் ரொட்டி கிடைக்கச் செய்தார்.

அடுத்து 1849இல் ஃபிளாமர்ஸ்ஃபெல்டில் அவர் கண்டது மாட்டுக்கடன். வட்டிக்காரரின் பசுவை வாங்கிய ஏழை உழவன் பசுவையும் இழந்து நிலத்தையும் இழந்தான். வசதியுள்ளோர் ஏறத்தாழ அறுபது பேர் கூட்டாகப் பிணை நின்று, பசு வாங்கிக் கொடுத்து, விலையை ஐந்தாண்டுத் தவணையில் பெற்றுக்கொள்ளும் சங்கம் ஒன்றை அவர் அமைத்தார். 1854இல் ஹெடெஸ்டார்ஃப் ஊரில் தோன்றிய சங்கத்தின் நோக்கங்களோ மிகப் பரந்தவை: ஆதரவற்ற பிள்ளைகளைப் பேணுதல், சிறை மீண்டோருக்கு வேலை தேடுதல், நூலகம், கடன் உதவி.

இவை அனைத்தும் செல்வரின் அன்பை நம்பி நின்றவை. நாட்கள் செல்லச் செல்ல அவ்வன்பு தளர்ந்தது. பிற பணிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடன் உதவி ஒன்றே எஞ்சியது. 1864இல் ரைஃபைசன் அச்சங்கத்தை மாற்றியமைத்தார். இனிக் கடன் வேண்டுவோர் உறுப்பினராக வேண்டும். சங்கத்தின் கடனுக்கு ஒவ்வோர் உறுப்பினரும் தம் உடைமை முழுவதையும் கொண்டு பொறுப்பாளியாக வேண்டும். இம்முடிவுக்கு அவர் மகிழ்ச்சியோடு வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பிறர்அன்பு ஒன்றே போதும் என்றுதான் அவர் எதிர்பார்த்திருந்தார். அனுபவம் அவரை வேறு வழியில் திருப்பியது.

இந்த வரம்பற்ற பொறுப்பு செயல்படும் விதத்தை நம் மாணவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். அயலான் கடனைத் திருப்பாவிடில் என் நிலத்துக்கும் ஆபத்து. ஆகவே அவன் எதற்காகக் கடன் கேட்கிறான், அப்பணம் மாட்டுக்குச் சென்றதா மதுக்கடைக்குச் சென்றதா என்று நான் கேட்டே தீருவேன். அவ்வாறு கேட்பதற்கு நாங்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும்; எனவே சங்கத்தின் எல்லை ஒரு திருச்சபைச் சேகரத்தின் அளவே. நிர்வாகிகளுக்கு ஊதியம் இல்லை, கணக்கர் ஒருவருக்கு மட்டுமே உண்டு. சேமநிதியை உறுப்பினர் பங்கிட்டுக்கொள்ளவும் இயலாது. ஒவ்வொரு விதியும் மற்றொன்றைத் தாங்கி நிற்கிறது. ஒன்றை எடுத்தால் மற்றவை சாயும்.

இவ்வமைப்பு நம் நாட்டுக்கு வந்த வழி சென்னை மாகாணமே. ஃபிரெடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரி, மாகாண அரசின் பணிப்பின்பேரில் ஐரோப்பிய நிலக்கடன் முறைகளை ஆராய்ந்து, 1895லும் 1897லும் அறிக்கை அளித்தார். ரைஃபைசன் முறையையே நம் கிராமங்களுக்கு ஏற்றதெனக் கண்டார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டே அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் சங்கம் தோன்றியது.

ஆயினும் ரைஃபைசன் தோல்விகளின் வழியாகக் கற்றதை நாம் சட்டத்தின் வழியாகப் பெற்றுக்கொண்டோம். பதிவாளர் வந்தார், விதிகள் வந்தன. பொறுப்புணர்வு அவற்றோடு கூட வரவில்லை. உழவர் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு 1951-52இல் சுமார் 3 விழுக்காடே என்று 1954இல் வெளிவந்த அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு காட்டியது. அதன்பின் அரசே சங்கங்களின் பங்குதாரராயிற்று. தமிழ்நாட்டில் நெடுங்காலம் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களுக்குப் பதிலாகத் தனி அலுவலர்களே சங்கங்களை நடத்தினர். 2021இல் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனை அரசு தள்ளுபடி செய்தது. வறட்சியிலும் வெள்ளத்திலும் நொந்த உழவருக்கு அது ஆறுதல் என்பதால் அதைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆனால் கடனை மன்னிக்கும் உரிமை உறுப்பினரிடம் இல்லாத சங்கம் யாருடையது?

இதனினும் கடினமான வினா ஒன்று உண்டு. உடைமை முழுவதையும் பிணையாக்க, முதலில் உடைமை வேண்டும். நம் ஊர்களில் நிலம் ஊரில் உள்ளது. நம் சபையாருள் பெரும்பாலோர் சேரியில் உள்ளனர். கூலிக்காரன் பிணை வைப்பதற்கு ஒன்றுமில்லை. ஊராரும் சேரியாரும் ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்பதும் அரிது. ஆகவே, ஏழைக்கெனத் தோன்றிய முறை ஏழைகளுள் கடையரை வெளியே நிறுத்திற்று. அவ்விடத்தில் திருச்சபை செய்தது என்ன? ரைஃபைசன் 1864இல் கைவிட்ட பாத்திரத்தை, அதாவது கொடுக்கும் செல்வரின் பாத்திரத்தை, நாம் ஏற்றுக்கொண்டோம். நாம் பணியாற்றிய ஒரு சேகரத்தில் கறவை மாட்டுச் சங்கம் ஒன்றுக்கு ஆயர் என்ற முறையில் நாமே தலைவரானோம். பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது. மாடுகள் நன்றாகவே கறந்தன. நமக்கு மாற்றல் வந்த ஆண்டிலேயே சங்கம் மூடப்பட்டது. தவணை கேட்கச் சென்றவர்களிடம், "அது ஐயர் கொடுத்த மாடு" என்று சொன்னார்களாம். அவர்கள் சொன்னதில் பிழையில்லை.

1989இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கப்பட்ட மகளிர் குழுக்கள் இவ்விடத்தில் நம் கவனத்துக்கு உரியவை. அங்குப் பிணை நிலமன்று. தவறாத சேமிப்பும், கூட்டத்துக்கு வருகையும், அயல்வீட்டுப் பெண்ணின் வாய்மொழியுமே. உடைமையற்றோருக்கும் வரம்பற்ற பொறுப்பின் சாரம் கைகூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நாம் கண்டதில்லை. சில சேகரங்களில் இக்குழுக்களின் கணக்கேட்டை ஆயரின் துணைவியாரே எழுதி வருகிறார். எழுதட்டும், ஆனால் அந்த ஏட்டைக் குழுப்பெண் ஒருத்தியிடம் எந்த மாதம் ஒப்படைக்கப் போகிறார் என்பதை முதற்கூட்டத்திலேயே பதிவு செய்துவிடுவது நல்லது.