உறுதி முடியுமுன் கைநழுவிய வீடு

வீடு வாங்குதல் நம்மவரிற் பெரும்பாலார்க்கு வாழ்நாளில் ஒருமுறையே கூடிவருங் கருமம். அஃது உறுதி முடியுந் தறுவாயிற் கலைந்துபோமாயின் உண்டாகும் மனச்சோர்வு சிறிதன்று. தலவாக்கலையில் நாம் அதனை அநுபவித்தறிந்தவராதலின், இம்மலர்க்குக் கட்டுரை வேண்டுமென நண்பர்கள் கேட்டபோது இப்பொருளையே எடுத்துக்கொண்டோம்.

தலவாக்கலை தேயிலைத் தோட்டங்களால் நாற்புறமுஞ் சூழப்பட்ட சிறு நகரம். அத்தோட்டங்களிற் பெரும்பாலானவை 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடஞ் சென்றபோதும் நிலம் அவற்றுக்குக் குத்தகையே. 2012 இல் மின்னுற்பத்தி தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்தின் நீர்த்தேக்கமும் நகரோரத்தில் இடங்கொண்டது. ஆதலால் தனியார் உறுதியுள்ள வீடு இங்கே விலைக்கு வருதல் அருமை. எம் பாட்டனார் பிறந்ததும் இறந்ததும் 10 அடிக்கு 12 அடி லயத்துக் காம்பராவிலே. அவர் பெயரில் ஒரு பேர்ச்சஸ் நிலந்தானும் இருந்ததில்லை. இத்தகைய குடியிற் பிறந்தவர்க்கு 'உறுதி' என்னுஞ் சொல்லே தனிச்சுவை உடையது.

புகைவண்டி நிலையத்துக்கு அண்மையில் ஒரு வீட்டுக்கு விலை பேசி, வெற்றிலை பாக்கு மாற்றி, முற்பணமும் ஓர் இலட்சம் ரூபாய் கொடுத்தோம். நில அளவையாளர் அளந்தார். நொத்தாரிசு நுவரெலியாவிலுள்ள காணிப் பதிவகத்தில் ஏடுகளைத் தேடிப் பார்த்தார். பிள்ளைகள் தத்தமக்கு அறை பிரித்துக்கொண்டனர்; மனைவியார் சுவாமியறைக்கு மூலையுங் குறித்துவிட்டார். ஒப்பமிடும் நாளுக்கு முந்திய மாலை வீட்டுக்காரர் வந்து, வேறொருவர் கூடிய விலை தருவதாகச் சொல்லி விடைபெற்றார். தேநீரை அவர் தொடவில்லை.

"சொன்ன சொல் என்னாயிற்று?" என்று நொத்தாரிசிடஞ் சென்று பொருமினோம். அவர் அமைதியாக 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச்சட்டத்தை எடுத்துக் காட்டினார். காணி விற்பனையாயினும், விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையாயினும், எழுத்திலமைந்து, நொத்தாரிசு ஒருவரும் சாட்சிகள் இருவரும் ஒருங்கிருக்க ஒப்பமிடப்படாவிடின் சட்டத்தின் முன் வலுவற்றது. பொய்ச்சாட்சியால் நிலம் பறிபோகாதிருத்தற்கென 1677 இல் இங்கிலாந்து இயற்றிய சட்டத்தின் வழியில் வந்த ஏற்பாடு இது; நொத்தாரிசு வேண்டுமென்பதால் அதனினுங் கடுமையானது. இங்கிலாந்திலும் ஒப்பந்தப் பத்திரங்கள் கைமாறும்வரை இரு திறத்தாரும் விலகலாம். கூடிய விலைக்கு ஆசைப்பட்டு விற்போர் மாறுதல் அங்கும் நெடுநாள் முறைப்பாடு. நம்மைக் காக்கும் வேலியே நம்மைத் தடுத்ததென்றறிந்தபோது கோபம் பாதி தணிந்தது. மற்றப் பாதி தணியச் சில மாதங்கள் சென்றன.

முற்பணத்தின் நிலை வேறு. விற்பவரே பின்வாங்கும்போது வீட்டையும் பணத்தையும் தாமே வைத்துக்கொள்ள இயலாது. ஒருவன் பிறன்பொருளால் நியாயமின்றிச் செல்வமெய்தலாகாதென்பது நம் நாட்டு உரோம டச்சுச் சட்டத்தின் கொள்கை. பற்றுச்சீட்டு இருந்தமையால் எமது பணம் வழக்கின்றியே மீண்டது. அளவைக் கூலியும் தேடற்செலவும் மீளவில்லை.

இத்தகைய வேளையிற் பெரிதும் அஞ்சத்தக்கது அவசரமே. இழந்த வீட்டுக்கு ஈடாக உடனே ஒன்றைப் பிடித்துவிட வேண்டுமென்னும் வீம்பில், மூன்றாம் வாரமே வேறொரு வீட்டுக்குத் தலையசைத்தோம். பழகிய நொத்தாரிசு மறுபடியுந் தேடிப் பார்த்ததில் அது வங்கியொன்றில் ஈடு வைக்கப்பட்டிருந்தமை தெரிந்தது. அதன்பின் ஆறு மாதம் எவ்வீட்டையும் பார்ப்பதில்லையென்று நாமும் மனைவியாரும் முடிவுசெய்தோம். பிள்ளைகளிடம் நடந்ததை மறைக்கவில்லை. இளையவன் மட்டும் அவ்வீதி வழியே பாடசாலை செல்ல நெடுநாள் மறுத்தான்.

உறுதி முடிக்கக் காலஞ் செல்லுமாயின் செய்யத்தக்கது ஒன்றுண்டு. விற்பனை உடன்படிக்கையை நொத்தாரிசு முன் எழுதிக் காணிப் பதிவகத்திற் பதிவுசெய்யலாம். பதிந்தபின் அதனை அறிந்துகொண்டே அவ்வீட்டை வாங்கும் வேறொருவர், 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப்பொறுப்புக் கட்டளைச்சட்டத்தின் 93 ஆம் பிரிவின்படி, முதலாமவரின் உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டவராவர். செலவு சிறிது கூடும்.

ஒன்றரை ஆண்டின்பின் லிந்துலைப் பக்கத்தில் ஒரு சிறு வீடு அமைந்தது. உடன்படிக்கை பதிவான மறுநாளே பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டினோம்.